யாருடைய 1.1?

கோத்தகிரியில் 31 வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும், கடைத்தெருவுக்குப் போனால் யாராவது ஒருவர் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டாமல் வீடு வந்து சேர்ந்ததில்லை. போன இதழில் 'சிறுநீரக ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்' என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸும் சேர்ந்தே வந்திருக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அந்த எண் எப்படி வருகிறது, எப்போது அதை நம்பலாம், எப்போது மேலே கேள்வி கேட்க வேண்டும் என்பதுவரை நான் சொல்வேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு 66 வயது. 'ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கு, 1.8' என்றார்கள். இரண்டு மாதமாகச் சாம்பாரில்கூட உப்புப் போடாமல் சமைக்கிறேன். மறுபடி பார்த்தால் அதே 1.8. இந்துப்புக்கு மாறலாமா? — அரவேணுவிலிருந்து ஒரு மருமகள்

பதில்: கண்ணு, முதலில் இந்த 'உப்பு' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம். நம் பக்கத்தில் மூன்று வேறு விஷயங்களுக்கு இந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். சாம்பாரில் போடுவது சோடியம் குளோரைடு. கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடம் 'யூரின்ல உப்பு இருக்கு' என்று நர்ஸ் சொன்னால், அது சிறுநீரில் இறங்கும் ஆல்புமின் என்ற புரதம். உங்கள் மாமனாருக்குச் சொன்ன 'உப்பு' கிரியாட்டினின். அது உடம்பின் கழிவு. சமையல் உப்புக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. அதனால்தான் இரண்டு மாதம் சப்பென்று சமைத்தும் எண் அசையவில்லை.

கிரியாட்டினின் தசையில் பிறப்பது. தசை வேலை செய்யத் தேவையான கிரியாட்டின் என்ற பொருள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, கிரியாட்டினினாகி ரத்தத்தில் கலக்கிறது. ஒருவருக்கு இன்று எவ்வளவு உண்டாகிறதோ, ஏறக்குறைய அதே அளவுதான் நாளைக்கும் உண்டாகும். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வரவு மாறாமல் இருக்கும்போது ரத்தத்தில் தேங்குவது கூடினால், வடிகட்டி மந்தமாகிவிட்டது என்று அர்த்தம். யூரியா அப்படி இல்லை. அது நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து கல்லீரல் உண்டாக்குவது. தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலும் ஏறும், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் ஏறும். அதனால் நான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கண் முதலில் கிரியாட்டினினுக்குத்தான் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கென்று பெரிய மெஷின் கிடையாது. பிக்ரிக் அமிலக் கரைசல் எலுமிச்சம்பழ மஞ்சளில் இருக்கும். அதில் காரம் சேர்த்து, நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை, அளந்து விட்டால், மஞ்சள் மெதுவாக ஆரஞ்சுக்குத் திரும்பும். எவ்வளவு ஆரஞ்சோ அவ்வளவு கிரியாட்டினின். 1886-இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்ட நிறமாற்றம் இது. இன்றைக்கும் பல லேப்களில் தானியங்கி மெஷினுக்குள் நடப்பது இதே நிறமாற்றம்தான். அந்த மஞ்சள் விரலில் பட்டால் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது. சோறு பிசையும்போது அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, 'மஞ்சள் அரைச்சியா?' என்பார்.

சரி, உங்கள் சமையலுக்கு வருகிறேன். உப்பைக் குறைப்பது நல்லதுதான், ரத்த அழுத்தம் அடங்கும், சிறுநீரகத்துக்கும் சுமை குறையும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது மொத்தமாக ஒரு டீஸ்பூனுக்குள் இருந்தால் போதும். ஊறுகாயும் கருவாடும் மிக்சரும் அதில் கணக்கு. அடியோடு நிறுத்திவிட்டு, பெரியவர் தட்டை ஒதுக்கிவிட்டுப் படுத்தால் அது இன்னொரு கேடு. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், மாறுவதால் லாபமில்லை. 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் பாக்கெட் உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் மந்தமானவருக்குப் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

66 வயது ஆணுக்கு 1.8 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 41. அந்த 41 என்ன என்பதைக் கீழே கீழ்க்கோத்தகிரி மகளுக்கு எழுதியிருக்கிறேன், படித்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் 1.8 ஏறாமல் நின்றதை நான் நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: வயது 26. வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுத்தேன். கிரியாட்டினின் 1.4 என்று வந்துவிட்டது. ஜிம்முக்குப் போகிறேன், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்குக் கிட்னி போய்விட்டதா? — குன்னூர்

பதில்: தம்பி, கடிதத்தின் கடைசியில் பேனா மாற்றி எழுதியிருக்கிறீர்களே, 'ஜிம் மாஸ்டர் கொடுத்த கிரியாட்டின் பவுடர் குடிக்கிறேன், முந்தின நாள் நண்பன் கல்யாணத்தில் மட்டன் பிரியாணி' என்று, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பவுடரில் இருப்பது கிரியாட்டின், அது உடம்பில் கிரியாட்டினினாகத்தான் முடியும். இறைச்சியைச் சமைக்கும்போதே அதிலுள்ள கிரியாட்டினில் ஒரு பகுதி கிரியாட்டினினாகி, சாப்பிட்ட சில மணி நேரம்வரை ரத்தத்தில் கணக்குக் காட்டும். தசை அதிகமான உடம்பில் வரவே அதிகம். இந்த மூன்றும் சேர்ந்து நல்ல சிறுநீரகத்தைக்கூட 1.4 என்று காட்ட முடியும்.

முடியும் என்றுதான் சொல்கிறேன், அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. 26 வயது ஆணுக்கு 1.4 என்றால் கணக்குப்படி திறன் 71 வரும். அது உண்மையா, தசையின் வேலையா என்று பார்த்துவிட வேண்டும். பவுடரை ஒரு இரண்டு வாரம் நிறுத்துங்கள். பரிசோதனைக்கு முந்தின நாள் ஜிம் வேண்டாம், 12 மணி நேரத்துக்குக் கறி வேண்டாம். வழக்கம்போலத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் மறுபடி ரத்தம் கொடுங்கள். கூடவே சிறுநீரில் ஆல்புமின் பார்த்துவிடுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது தசையிலிருந்து மட்டும் வருவதல்ல, உடம்பின் உட்கரு உள்ள எல்லாச் செல்லும் உண்டாக்கும் சிறு புரதம். பளு தூக்கும் உடம்பு அதை அவ்வளவாக ஏமாற்றாது. ஆனால் புகைபிடித்தல், தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து இவை அதையும் கொஞ்சம் ஆட்டும். விலையும் கூடுதல், நம் மலையில் எடுத்தால் பெரும்பாலும் கோவைக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. 40 வருஷம் கொழுந்து பறித்தவர். எடை 38 கிலோ. கிரியாட்டினின் 1.1. எதிரே 0.6–1.2 என்று அச்சடித்திருக்கிறது. லேபில் 'நார்மல்தான்' என்றார்கள். ஆனால் சாயங்காலமானால் கால் வீங்குகிறது, ஒன்னுக்கு நுரையாகப் போகிறது என்கிறார். நார்மல் என்று விட்டுவிடலாமா? — கீழ்க்கோத்தகிரி, ஒரு மகள்

பதில்: விட்டுவிடாதீர்கள். இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். ஏனென்றால் இதே 1.1-ஐ 'நார்மல்' என்று எழுதிய கை என்னுடையது.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். 2009-இல் அவருக்கு 70 வயது, 41 கிலோ. முழங்கையில் நரம்பு கிடைக்காமல் புறங்கையில் நானே ரத்தம் எடுத்தேன், நானே மெஷினில் ஓட்டினேன். 1.1 வந்தது. எங்கள் தாளிலும் 1.2 வரை நார்மல் என்றுதான் அச்சடித்திருந்தது. 'உனக்கு ஒண்ணுமில்லம்மா, கிட்னி நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த டியூபை எடுத்தேன். முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை அம்மா தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். அப்படித் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மாத்திரை அது. பல நாள் வேலை முடிந்து வரும்போது வாங்கி வந்தது நான்தான்.

2011-இல் கால் வீங்கியது. பார்த்தால் 1.9. கோவையில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார், கொடுத்தேன். அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட்டார். 140-இல் வயது 70 போனால் 70. அதை எடை 41-ஆல் பெருக்கினார். 72-ஐயும் 1.1-ஐயும் பெருக்கி அதனால் வகுத்தார். பெண் என்பதால் கடைசியில் 0.85-ஆல் பெருக்கினார். 31 வந்தது. கீழே ஒரு கோடு போட்டார். 'இது அப்பவே இருந்திருக்கு' என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டவில்லை. காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட கணக்கு அது. எனக்குத் தெரியாத கணக்கும் அல்ல, நான் படித்த புத்தகத்திலேயே இருந்தது. என் அம்மாவுக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த 0.6–1.2 என்ற வரம்பு பொதுவாகப் பெண்களுக்கு என்று அச்சடித்தது. 70 கிலோப் பெண்ணுக்கும் 38 கிலோ அம்மாவுக்கும் அது ஒன்றுதான். உங்கள் அம்மாவின் உடம்பில் தசை எவ்வளவு இருக்கும், யோசித்துப் பாருங்கள். தசை கரைந்த உடம்பில் கிரியாட்டினின் உண்டாவதே குறைவு. வரவே குறைவாக இருக்கும்போது 1.1 தேங்கி நிற்கிறது என்றால், வடிகட்டி அந்தக் குறைந்த வரவைக்கூட வெளியே தள்ளத் திணறுகிறது என்றுதானே அர்த்தம்? இப்போது பல லேப்களில் கிரியாட்டினினுக்குக் கீழே ஈஜிஎஃப்ஆர் என்று இன்னொரு வரி அச்சாகிறது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்த நீரைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு. 2021-இல் திருத்திய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 28 வயது வாலிபனுக்கு 1.1 என்றால் 94. உங்கள் அம்மாவுக்கு அதே 1.1 என்றால் 55. 2009-இல் என் அம்மாவுக்கு இதே சூத்திரம் 54 என்று சொல்லியிருக்கும், பழைய சூத்திரம் 31 என்றது. எடையைச் சேர்க்கும் சூத்திரமும் சேர்க்காத சூத்திரமும் ஒல்லியானவர்களிடம் இப்படித்தான் விலகும். ஆனால் இரண்டில் எதுவுமே 'ஒண்ணுமில்லம்மா' என்று சொல்லியிருக்காது.

90-க்கு மேல் நல்லது. 60-க்கும் 90-க்கும் நடுவில் இருந்து, சிறுநீரிலோ ஸ்கேனிலோ வேறு குறை இல்லாவிட்டால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 60-க்குக் கீழே இருப்பதோ, அந்த வேறு குறையோ மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைப்பார்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். 30-க்குக் கீழே போனால் சிறுநீரக மருத்துவரின் பார்வையிலேயே இருக்க வேண்டும். 15-க்குக் கீழே டயாலிசிஸ் பற்றிய பேச்சு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் 1-லிருந்து 2-க்கு ஏறுவதைப் பலரும் 'ஒரு பாயிண்ட்தானே' என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு பாயிண்டில் பாதிச் சிறுநீரக வேலை போயிருக்கும். 4-லிருந்து 5-க்கு ஏறும்போது பயந்து ஓடி வருகிறார்கள், அப்போது போவதற்கு மிச்சமே கொஞ்சம்தான். ஓடி வர வேண்டியது முதல் ஏற்றத்தில்.

நுரைக்கு வருகிறேன். நுரை எல்லாமே புரதம் அல்ல, வேகமாக விழுந்தாலும் நுரைக்கும். ஆனால் கால் வீக்கமும் சேர்ந்திருப்பதால், ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைச் சிறுநீரில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏசிஆர் என்று சீட்டில் எழுதுவார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. அந்த விகிதம் 30-க்குக் கீழே இருக்க வேண்டும், 300-ஐத் தாண்டினால் வடிகட்டி நன்றாகவே ஓட்டை விழுந்திருக்கிறது. காய்ச்சல் நாளிலும், நீர்க்கடுப்பு இருக்கும்போதும் எடுக்காதீர்கள், சும்மாவே கூடிக் காட்டும். பிரஷர், சர்க்கரை, இரண்டையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள், சிறுநீரகம் கெடுவதற்கு இந்த இரண்டும்தான் பெரிய காரணங்கள். அப்புறம் அம்மாவின் தலையணைக்கு அடியிலும் சமையலறை டப்பாவிலும் தேடிப் பாருங்கள். வலிக்கென்று என்ன மாத்திரை போடுகிறார் என்பதை அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். கேட்டால் 'ஒண்ணும் போடறதில்ல' என்பார்கள். என் அம்மா அப்படித்தான் சொன்னார்.

அம்மா அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். வலி மாத்திரையை நிறுத்தி, பிரஷரைக் கட்டுக்குள் வைத்ததில் டயாலிசிஸ் வரை போகவில்லை. உங்கள் அம்மாவின் 1.1, என் அம்மா கோவைக்குப் போனபோது இருந்த 1.9-ஐவிட நல்ல இடம், இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

கேள்வி: ஜனவரி மாதம், நல்ல உறைபனி. எங்கள் ஊருக்கு வந்த முகாமில் அப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் 'பொட்டாசியம் 6.7, உடனே அட்மிட் ஆகுங்கள்' என்று போன். பதறி ஊட்டிக்கு ஓடினோம். அங்கே எடுத்தால் 4.3. கிரியாட்டினின் இரண்டிலும் 1.0. எந்த லேப் பொய் சொன்னது? — தலைக்குந்தா

பதில்: இரண்டு மெஷினும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் டியூபில் இருந்த பொட்டாசியம் 6.7-தான், ஆனால் அது உங்கள் அப்பாவின் உடம்பில் இருந்த அளவு அல்ல.

ரத்தச் சிவப்பணுவுக்குள்ளே பொட்டாசியம் வெளியில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல் இருக்கிறது. அதை உள்ளேயே பிடித்து வைக்க ஒவ்வோர் அணுவின் சுவரிலும் சின்னச் சின்ன பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர் பட்டால் அந்த பம்ப் மந்தமாகிவிடும், உள்ளே இருப்பது மெல்லக் கசிந்து வெளியே வரும். ரத்தம் எடுத்து அரை மணியில் உறைந்ததும் மெஷினில் சுழற்றி, சீரத்தை அணுக்களிலிருந்து பிரித்துவிட்டால் பிரச்சினை இல்லை. பிரிக்காமல் முழு ரத்தமாகவே மலைக் குளிரில் ஐந்தாறு மணி நேரம் வைத்தால் எண் தானாக ஏறும். ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்று நினைத்து வைப்பதும் இதே தப்புதான். குளிர் நாடுகளிலும் பனிக்காலத்தில் மட்டும் பொட்டாசியம் கூடிக்கூடி வருவதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

இது எனக்குப் பாடமான நாளை மறக்கவே முடியாது. வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷம், மார்கழி. காலை ஏழு மணிக்கு எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவருக்கு ரத்தம் எடுத்தேன். கரண்ட் போய்விட்டது, சுழற்றும் மெஷின் ஓடவில்லை. டியூபை ஸ்டாண்டில் வைத்து ஜன்னலோரம் விட்டேன். கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது, அட்டை வைத்து அடைத்திருந்தோம். மத்தியானம் கரண்ட் வந்தது, சுழற்றினேன். சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. ரத்தம் உடைந்திருந்தால் சீரம் சிவந்து காட்டிக்கொடுக்கும், யாருக்கும் சந்தேகம் வரும். குளிரில் கசிவது அப்படிக் காட்டிக்கொடுக்காது. மாலை பஸ்ஸில் கீழே அனுப்பினோம். மறுநாள் 7.1 என்று போன் வந்தது. அந்த மனிதரை ஆம்புலன்சில் போட்டு 33 கிலோமீட்டர் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கொண்டு போனார்கள். கீழே ஈசிஜி சரியாக இருந்தது, மறுபடி எடுத்ததில் 4.4. அவர் மனைவி வண்டி வாடகைக்காகக் கம்மலை அடகு வைத்திருந்தார். அது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அவர் வீட்டுக்குப் போய், தப்பு எங்கள் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று முதல் ரத்தம் எடுத்த நேரம், சுழற்றிய நேரம் இரண்டையும் டியூபின் மேலேயே எழுதும் பழக்கம் வந்தது.

இருந்தாலும் போன் வந்ததும் நீங்கள் ஓடியது சரி. உண்மையான 6.7 உயிருக்கு ஆபத்து. மறுபடி எடுத்துப் பார்க்காமல் அது குளிரா நோயா என்று யாராலும் சொல்ல முடியாது. இனி முகாமில் எடுக்கும்போது, 'எப்போது சுழற்றுவீர்கள்?' என்று கேளுங்கள். அப்பாவிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கித் திறக்கச் சொல்வார்கள், அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். ஒரு தடவை மூடினால் போதும்.

கேள்வி: பரிசோதனைக்கு வெறும் வயிறா? டீ குடிக்கலாமா? நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் கிரியாட்டினின் இறங்குமா? — கேத்தி, கட்டபெட்டு, இன்னும் நாலைந்து ஊர்கள்

பதில்: கிரியாட்டினினுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை, கூடவே சர்க்கரை பார்ப்பதால்தான் அப்படி வரச் சொல்கிறார்கள். டீ அதைக் கெடுக்காது. உடம்பு வறண்டு போயிருந்தால் தண்ணீர் குடித்ததும் எண் இறங்கும். கெட்டுப்போன சிறுநீரகத்தை ஒரு குடம் தண்ணீர் சரியாக்காது. கால் வீக்கம் உள்ளவர்கள் அளவு கேட்காமல் குடிப்பது ஆபத்தும்கூட. நம் ஊர்க் குளிரில் தாகமே தெரியாமல் மதியம்வரை இரண்டு டீயோடு இருந்துவிடுகிறோம், அது வேறு விஷயம், அதைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். பழக்கடைகளில் நட்சத்திர வடிவில் வெட்டி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுக்கும் ஸ்டார் ஃப்ரூட்டைச் சிறுநீரகம் மந்தமானவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் வெளியேறாமல் தேங்கி, விடாத விக்கலில் தொடங்கி மூளைவரை பாதிக்கும்.

கேள்வி: பழங்குடிக் கிராமங்களுக்குப் போகும் சுகாதாரப் பணியாளர் நான். சிக்கிள் செல் நோய் உள்ள 19 வயதுப் பையனுக்குக் கிரியாட்டினின் 0.5. இவனுக்குச் சிறுநீரகக் கவலை இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா? — பந்தலூர்

பதில்: எழுதாதீர்கள். ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய் இது. இந்த நோயின் ரத்தம் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் எழுதினார்கள். அதனால் இதைப் பற்றி நம் மலையில் வேலை பார்க்கும் நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு. அங்கேதான் அணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும். முதலில் போவது சிறுநீரைக் கெட்டியாக்கும் திறமை. அந்தப் பையன் இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறான் என்று கேட்டுப் பாருங்கள். சில பேருக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வரும். இத்தனைக்கும் நடுவே கிரியாட்டினின் அழகாக 0.5 என்று இருக்கும். இளவயதில் இவர்களின் சிறுநீரகம் அளவுக்கு மீறி வடிகட்டுகிறது, சிறுநீரை உண்டாக்கும் குழாய்களும் கிரியாட்டினினைக் கூடுதலாக வெளியே தள்ளுகின்றன, உடம்பில் தசையும் குறைவு. மூன்றும் சேர்ந்து எண்ணைக் கீழே அழுத்தி வைக்கும். நாளைக்கு அதே பையனுக்கு 1.0 என்று வந்தால், அச்சடித்த வரம்பு 'நார்மல்' என்று சொல்லும். அவன் அளவில் அது இரு மடங்கு ஏற்றம்.

அதனால் இவர்களுக்குச் சிறுநீர் ஆல்புமின்தான் முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை. 10 வயதிலிருந்தே வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டும். கிரியாட்டினினை அச்சடித்த வரம்போடு ஒப்பிடாமல், அவனுடைய போன வருஷ எண்ணோடு ஒப்பிடுங்கள். உங்கள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எண்ணையும் தேதியையும் வரிசையாக எழுதினால் போதும், அந்த வரிசையே பேசும். வலி வரும்போது கடையில் வாங்கும் வலி மாத்திரை அவர்களுக்கு எந்த அளவு கெடுதல் என்பதையும் வீட்டில் உள்ள பெண்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கணவருக்குச் சர்க்கரை. சிறுநீரில் ஆல்புமின் போகிறது என்று டாக்டர் எனாலாப்ரில் மாத்திரை எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கிரியாட்டினின் 1.2 இருந்தது 1.4 ஆகிவிட்டது. 'கிட்னிக்குக் கொடுத்த மாத்திரையே கிட்னியைக் கெடுக்குது' என்று அவரே நிறுத்திவிட்டார். — கூடலூர்

பதில்: அம்மா, இந்தத் தப்பை எத்தனையோ பேர் செய்து பார்த்திருக்கிறேன், எண்ணைப் பார்த்ததும் வரும் பயம் நியாயமானதுதான். அந்த மாத்திரை வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் வடிவது கொஞ்சம் குறையும், கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். ஆல்புமின் ஒழுகுவதும் அந்த அழுத்தம் இறங்குவதால்தான் குறைகிறது. தொடங்கிய முதல் நான்கு வாரத்துக்குள் 30 சதவீதம்வரை ஏறினால் பொதுவாக மாத்திரையை நிறுத்துவதில்லை. 1.2-லிருந்து 1.4 என்பது சுமார் 17 சதவீதம். 30-ஐத் தாண்டியிருந்தாலோ, பொட்டாசியம் ஏறியிருந்தாலோ, வாந்தி பேதியில் உடம்பு வறண்டிருந்தாலோ பேச்சு வேறு.

டாக்டரிடம் அவர் நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், மாத்திரை போட்டும் பலனில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். டாக்டர் சொல்லி மறுபடி ஆரம்பித்தால், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் எடுங்கள். அதே லேபில், அதே மாதிரி காலை வேளையில், முந்தின நாள் கறி இல்லாமல். அந்த ரிப்போர்ட் வந்ததும் பழையதையும் சேர்த்து எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்கள், கூடலூர் தபால் இங்கே வர இரண்டு நாள்தான் ஆகிறது.